போர்டு மாறுனா கம்பெனி மாறிருமா?

கேள்விய ரெண்டு தடவை படிச்சேன்ம்மா. நீங்க எழுதுனது இதுதான். தொண்டிக்குப் பக்கத்துல உங்க ஊர்ல 2009 வாக்குல ஒரு இறால், கணவாய் ஏத்துமதி கம்பெனி இருந்துச்சு, படகுக்காரங்களுக்கு மாசக்கணக்குல பணம் தராம இழுத்தடிச்சுச்சு, சரக்கு கழுவுற தண்ணிய அப்படியே ஓடையில விட்டுச்சு, ஒரு நாள் ராத்திரியோட ராத்திரியா மூடிட்டுப் போயிருச்சு, உங்க அப்பாவுக்கு வர வேண்டிய பாக்கி இன்னும் வரல. இப்ப அதே கட்டடத்துல வேற பேருல கம்பெனி வந்திருக்கு, மைக்ரோபயாலஜி படிச்ச உங்களுக்கு லேப்ல வேலை தர்றோம்னு சொல்றாங்க, அப்பா அந்த வாசப்படிய மிதிக்கக் கூடாதுங்கறார். "எத்தனை வருஷம் ஆனா ஒரு கம்பெனியோட பழைய தப்ப விட்டுரலாம்?" இதுதான் கேள்வி. வருஷக் கணக்குதான் கேட்டிருக்கீங்க, ஆனா படிக்கும்போது எனக்கு என்ன தோணுதுன்னா, இது அதே கம்பெனியா வேற கம்பெனியா, அப்பா மனசு நோகாம அங்க வேலைக்குப் போக வழி இருக்கா, இது ரெண்டும்தான் உங்களுக்கு உண்மையில தெரியணும். ரெண்டுக்குமே தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

நான் யாருன்னு முதல்ல சொல்லிடறேன். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரில படிச்சிட்டு, மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல இருக்குற நண்டு, இறால், கணவாய் கம்பெனிங்கள்ல 26 வருஷம் தரக்கட்டுப்பாட்டுல இருந்தவன். அதுல பாதி வருஷம் சரக்கு வாங்குற வெளிநாட்டுக்காரங்க சார்பா போயி, இவங்ககிட்ட வாங்கலாமா வேண்டாமான்னு பாத்து ரிப்போர்ட் எழுதுற வேலை. அதாவது நீங்க கேக்குற இதே கேள்விய மத்தவங்களுக்காகக் கேட்டு சம்பளம் வாங்குனவன். வக்கீல் இல்ல, சட்டம்னு நான் சொல்றதெல்லாம் வேலையில அடிபட்டுக் கத்துக்கிட்டது. உங்க ஊர் கம்பெனிய நான் பாத்ததே இல்ல, அதனால அவங்க நல்லவங்களா கெட்டவங்களாங்கற தீர்ப்ப எங்கிட்ட எதிர்பாக்காதீங்க.

உறுதியா சொல்ல முடிஞ்சத முதல்ல சொல்றேன், ஏன்னா சட்டத்துல இதுக்கு வருஷக் கணக்கு நிஜமாவே இருக்கு, ஆனா எடத்துக்கு எடம் வேற வேற. சரக்கு வித்த காசு வரலைன்னா கோர்ட்டுக்குப் போக 1963 லிமிடேஷன் சட்டப்படி பொதுவா 3 வருஷம்தான். கம்பெனிச் சட்டத்துல, 6 மாசமோ அதுக்கு மேலயோ ஜெயில் தண்டனை வாங்குன ஆளு தண்டனை முடிஞ்சு 5 வருஷம் வரைக்கும் டைரக்டர் ஆக முடியாது, 7 வருஷமோ அதுக்கு மேலயோ வாங்குனவரு ஆயுசுக்கும் ஆக முடியாது. மத்திய அரசு டெண்டர்ல, லஞ்ச வழக்குல தண்டனை ஆன கம்பெனிய 3 வருஷம் வரைக்கும் ஒதுக்கி வைக்கலாம். நம்ம தொழில்ல பாத்தீங்கன்னா, வளப்பு இறால்ல தடை பண்ணுன ஆண்டிபயாடிக் இருக்குன்னு அமெரிக்காவுல கண்டுபிடிச்சுட்டா அந்தக் கம்பெனி பேரு ஒரு லிஸ்ட்ல ஏறிடும், அதுக்கப்புறம் அது அனுப்புற ஒவ்வொரு லோடும் துறைமுகத்துலயே நிக்கும். அந்த லிஸ்ட்ல இருந்து வெளிய வர்றதுக்கு வருஷக் கணக்கே கிடையாது. குறைஞ்சது 5 லோடு வரிசையா சுத்தமா வரணும், அதோட தப்பு ஏன் நடந்துச்சு, எதை மாத்துனோம்னு எழுதிக் குடுக்கணும். சும்மா பத்து வருஷம் காத்திருந்தேன் விட்டுருங்கன்னு சொன்னா விடமாட்டாங்க.

இந்தக் கடைசி முறைதான் எனக்கு நியாயமாப் படுது. இதுக்கு ஒத்துப் போற மாதிரி லிமிடேஷன் சட்டத்துலயே 17ன்னு ஒரு பிரிவு இருக்கு, மோசடி பண்ணி மறைச்சிருந்தா, அது ஏமாந்தவனுக்குத் தெரிய வந்த நாள்ல இருந்து, இல்லைன்னா கொஞ்சம் கவனமா இருந்தா தெரிஞ்சிருக்கும்ங்கற நாள்ல இருந்துதான் காலம் ஓட ஆரம்பிக்கும். எழுதுனவங்க யாரோ மனுஷன அறிஞ்சவங்க. நான் இத்தனை வருஷத்துல கத்துக்கிட்டதும் அதுதான். தப்பு நடந்த நாள்ல இருந்து வருஷத்த எண்ணக்கூடாது, அவங்க ஒளிக்கிறத நிறுத்துன நாள்ல இருந்து எண்ணணும். இன்னும் ஒளிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்கன்னா எண்ணவே ஆரம்பிக்கலைன்னு அர்த்தம்.

இது எப்படிப் புரிஞ்சுச்சுன்னு ஒரு சம்பவம் சொல்றேன், கம்பெனி பேரு வேண்டாம். கீழக்கரைக்கு இந்தப் பக்கம் ஒரு கணவாய் ஷெட்டு, ரெண்டு வருஷத்துக்கு முன்னால அழுகல் சரக்கு அனுப்பி கண்டெய்னர் திரும்பி வந்த பார்ட்டி, இப்ப எல்லாம் சரி பண்ணிட்டோம் வந்து பாருங்கன்னு கூப்பிட்டாங்க. போனேன். தரையெல்லாம் புதுசா டைல்ஸ், பொம்பளைங்களுக்கு வெள்ளைத் தொப்பி, வாசல்ல காலு நனைக்கிற தொட்டி, குறை சொல்ல ஒண்ணும் இல்ல. டீ குடிச்சுக்கிட்டே கோல்டு ஸ்டோர் டெம்பரேச்சர் ரெஜிஸ்டரைப் பொரட்டுறேன். ஒரு நாளைக்கு மூணு வேளை, மைனஸ் 18, மைனஸ் 19, மைனஸ் 18, முத்து முத்தா கையெழுத்து, ஒரே நீலப் பேனா. ஒரு தேதியில கண்ணு நின்னுச்சு. அன்னைக்கு ஏர்வாடி சந்தனக்கூடு. ஷெட்டுல வேலை பாக்குறதுல முக்காவாசிப் பேரு ஏர்வாடி, கீழக்கரை ஆளுங்க, அன்னைக்கு ஷெட்டுக்குப் பூட்டுன்னு பக்கத்து டீக்கடைக்காரரு வரும்போதுதான் பேச்சுவாக்குல சொல்லியிருந்தாரு. ரெஜிஸ்டர்ல மட்டும் காலையில 8 மணி, மத்தியானம் 1 மணி, சாயங்காலம் 6 மணி எல்லாம் எழுதி கையெழுத்தும் போட்டிருக்கு. யாரு எழுதுனதுன்னு கேட்டேன். லேப்ல இருந்த பொண்ணு தலைய குனிஞ்சுக்கிச்சு, மேனேஜர் சிரிச்சாரு. கண்டெய்னர் திரும்பி வந்தப்ப என்ன பண்ணாங்களோ அதையேதான் இப்பவும் டைல்ஸ் போட்டு பண்ணிக்கிட்டு இருந்தாங்க.

அதே வருஷம் தூத்துக்குடி பக்கம் இன்னொரு கம்பெனி, அவங்களுக்கும் பழைய கறை உண்டு, சொல்லப்போனா இவங்கள விடப் பெருசு. நான் உள்ள நுழைஞ்சு உக்காந்ததும் ஃபைலை எடுத்து முன்னால வச்சாரு ஓனரு, முதல் பக்கமே சரக்க வேண்டாம்னு திருப்பி அனுப்புன கடிதம். "இத நீங்க எங்கயாச்சும் கேள்விப்பட்டிருப்பீங்க சார், எங்க வாயாலயே சொல்லிட்டா நல்லது"ன்னாரு. அந்தத் தப்பு எந்த லாட்ல, எந்த ஏஜெண்டு குடுத்த சரக்குல, யாரு கவனிக்காம விட்டாங்க, அவரு இப்ப எங்க, எல்லாம் இருந்துச்சு. ரெஜிஸ்டர்ல ரெண்டு நாள் கட்டமே காலியா இருந்துச்சு, கேட்டா "கரண்ட் போயி ஜெனரேட்டரும் மக்கர் பண்ணுச்சு, யாரும் பாக்கல, பாக்காதத எப்படி எழுதறது"ன்னாங்க. காலிக் கட்டத்தப் பாத்துட்டு இவங்ககிட்ட வாங்கலாம்னு எழுதுன ஆளு நானாத்தான் இருப்பேன், அதுக்கு ஆபீஸ்ல திட்டும் வாங்குனேன்.

இது ஷெட்டு அளவுல நடக்குறது. பெருசா நடந்தா எப்படின்னு தெரியணும்னா ஜப்பான்ல மினமாட்டா கதைய நம்ம கடற்கரைக்காரங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும், ஏன்னா அதுவும் மீன் தின்னு வாழ்ற ஊருதான். சிஸ்ஸோன்னு ஒரு கெமிக்கல் கம்பெனி பாதரசம் கலந்த கழிவ வளைகுடாவுல விட்டுச்சு, மீனத் தின்ன பூனைங்க கிறுக்குப் பிடிச்ச மாதிரி சுத்திச் சுத்தி விழுந்து செத்துச்சு, அப்புறம் மனுஷங்களுக்கு வந்துச்சு. 1956 மே மாசம் அந்த நோயப் பத்தி முதல்ல ரிப்போர்ட் பண்ணுனதே கம்பெனி ஆஸ்பத்திரி டாக்டர் ஹொசோகவாதான். அவரே 1959ல ஒரு பூனைக்கு, 400ஆம் நம்பர் பூனை, ஃபேக்டரி கழிவ சாப்பாட்டுல கலந்து குடுத்துப் பாத்தாரு, அதே நோய் வந்துச்சு. கம்பெனி அத வெளிய விடல. அந்த டிசம்பர்லயே சுத்திகரிப்பு மெஷின்னு ஒண்ண விழா வச்சுத் திறந்தாங்க, அது பாதரசத்த எடுக்குற மெஷினே இல்ல. பாதிக்கப்பட்டவங்களுக்கு கருணைத் தொகைன்னு கொஞ்சம் குடுத்து, நாளைக்கு ஃபேக்டரிதான் காரணம்னு தெரிஞ்சாலும் மேல கேக்க மாட்டோம்னு கையெழுத்து வாங்குனாங்க. அந்தக் கழிவ உண்டாக்குன தயாரிப்பு நின்னது 1968ல. இடையில 1965ல நீகட்டாங்கற ஊர்ல வேற ஒரு கம்பெனியோட அதே மாதிரி ஃபேக்டரியால அதே நோய் வந்துருச்சு. 1973ல கோர்ட்டு அந்தக் கையெழுத்துப் பத்திரம் ஒழுக்கத்துக்கே விரோதம், செல்லாதுன்னு சொல்லுச்சு. இப்ப சொல்லுங்க, சிஸ்ஸோவுக்கு வருஷத்த எப்ப இருந்து எண்ணுவீங்க, 1956ல இருந்தா? பூனைக்கு நோய் வந்தது தெரிஞ்சும் பேசாம இருந்த ஒவ்வொரு வருஷமும் தனித் தப்பு இல்லையா?

ஹொசோகவாவ நான் இங்க இழுத்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கும்மா. அந்த டாக்டர் 1970ல சாகக் கிடக்கும்போது ஆஸ்பத்திரி படுக்கையில இருந்து கோர்ட்டுக்கு சாட்சி சொன்னாரு, அந்தப் பூனையப் பத்தி. பதினோரு வருஷம் அத நெஞ்சுல சுமந்தவரு. லேப் வேலைங்கறது கடைசியில கையெழுத்து வேலை, அத மறந்துராதீங்க. கம்பெனி பழைய குணத்துல இருந்துச்சுன்னா பொய் ரிப்போர்ட்டுக்குக் கீழ இருக்கப்போறது ஓனர் பேரு இல்ல, உங்க பேரு. சந்தனக்கூடு அன்னைக்கு டெம்பரேச்சர் எழுதுன அந்தப் பொண்ண நான் இன்னைக்கும் நினைக்கிறேன், அதுக்கு 22 வயசு இருக்கும், மேனேஜர் சொன்னாரு எழுதுச்சு, அவ்வளவுதான்.

சரி, இது அதே கம்பெனியா வேறயான்னு எப்படிச் சொல்றது. இங்க எனக்குப் பாதிதான் உறுதி. பேரு மாறுனது ஒரு கணக்கே இல்ல, அது பெயிண்டருக்குக் குடுக்குற கூலிதான். ஆளு மாறுனாங்களாங்கறதுதான். ஜெர்மனில ஐ.ஜி. ஃபார்பன்னு ஒரு கம்பெனி, நாஜி காலத்துல ஆஷ்விட்ஸ்ல கைதிங்கள வச்சு வேலை வாங்குனது, போருக்கப்புறம் அத உடைச்சு பேயர், பி.ஏ.எஸ்.எஃப்னு பழைய பேருங்கள்ல பிரிச்சாங்க. அந்த வழக்குல 1948ல 7 வருஷ தண்டனை வாங்குன ஃபிரிட்ஸ் டெர் மேர்ங்கறவரு தண்டனை முடியுறதுக்கு முன்னாலயே வெளிய வந்து 1956ல பேயர் கம்பெனியோட மேற்பார்வைக் குழுவுக்கே தலைவர் ஆயிட்டாரு. போர்டு மாறுச்சு, நாற்காலியில அதே ஆளு. இதுக்கு நேர் எதிரா நம்ம நாட்டு சாஃப்ட்வேர் கம்பெனி சத்யம். 2009 ஜனவரி 7ஆம் தேதி அதோட தலைவர் ராமலிங்க ராஜுவே கணக்குல 7,000 கோடி ரூபாய்க்கு மேல பொய்னு கடிதம் எழுதுனாரு, அரசாங்கம் டைரக்டர் குழுவக் கலைச்சு புது ஆளுங்களப் போட்டுச்சு, ஏப்ரல்ல டெக் மஹிந்திரா ஏலத்துல எடுத்தாங்க. அங்க எனக்குப் பிடிச்ச விஷயம், எடுத்தவங்க சத்யம்ங்கற பேர உடனே தூக்கிப் போடல, மஹிந்திரா சத்யம்னு வச்சு 2013 வரைக்கும் ஓட்டுனாங்க. வியாபாரக் காரணம் ஆயிரம் இருக்கும், இருந்தாலும் கெட்ட பேர வாசல்லயே மாட்டி வச்சுக்கிட்டு நாலு வருஷம் தொழில் பண்றது ஒளியிறவன் வேலை இல்ல. அங்க குப்பை கொட்டுன பல்லாயிரம் பேருக்கு அந்த மோசடியில பங்கு இல்லைங்கறதும் உண்மை.

இதுல சட்டமும் ஒரு வழி சொல்லுது. திவால் சட்டத்துல 32ஏன்னு ஒரு பிரிவு 2020ல சேத்தாங்க. திவாலான கம்பெனிய பழைய ஆளுங்களோட சம்பந்தமே இல்லாத புது ஆளு முறைப்படி எடுத்தா, பழைய குற்றத்துக்குக் கம்பெனி மேல வழக்கு நடத்த முடியாது, ஆனா குற்றம் பண்ண ஆளுங்க மேல அது தொடரும். நியாயம்தான். ஆனா கவனிங்க, "சம்பந்தமே இல்லாத"ங்கற வார்த்தை அதுல உண்டு. நம்ம கடற்கரையில நான் பாத்த பேரு மாத்தல்ல பெரும்பாலும் மச்சான் பேருல, மருமகப் பொண்ணு பேருல, பழைய கணக்குப்பிள்ளை பேருலதான் வரும்.

ஒரு விஷயத்துல மட்டும் சட்டத்தோட மன்னிப்ப நம்ம மன்னிப்புன்னு எடுத்துக்காதீங்க. 1996 டிசம்பர் 11ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள்ள இருக்குற இறால் பண்ணைகள அகற்றச் சொல்லி தீர்ப்பு குடுத்துச்சு, நம்ம காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயா போட்ட வழக்கு, குடிதண்ணி உப்பாகுது, வயக்காடு கெடுதுன்னு. 2005ல பார்லிமெண்டு தனிச் சட்டம் போட்டு அந்தத் தொழிலுக்கு மறுபடி வழி விட்டுருச்சு. சட்டம் மாறுச்சு, உப்பான கிணறு மாறலையே. பக்கத்து தூத்துக்குடில ஸ்டெர்லைட்ட 2013ல சுப்ரீம் கோர்ட்டு 100 கோடி ரூபாய் கட்டச் சொல்லி ஓட விட்டுச்சு, 2018 மே மாசம் துப்பாக்கிச் சூட்டுல 13 பேர் செத்து ஆலைய மூடுனாங்க, 2024 பிப்ரவரில திறக்கக் கேட்டுப் போனப்ப அதே கோர்ட்டு திரும்பத் திரும்ப நடந்த மீறல எடுத்துச் சொல்லி முடியாதுன்னுருச்சு. ஒரு தடவை கட்டுன அபராதம் பழைய கணக்கத் தீக்கும், அடுத்த கணக்கத் தீக்காது.

கெடுதல் இன்னும் இருக்கா போயிருச்சாங்கறத தனியாப் பாக்கணும்னு சொல்றதுக்கு ஒரு சங்கடமான உதாரணம் நம்மகிட்டயே இருக்கு. மன்னார் வளைகுடாவுல 21 தீவுன்னு படிச்சிருப்பீங்க, அதுல ரெண்டு தண்ணிக்குள்ள போயிருச்சு, பவளப்பாறைய வெட்டி எடுத்தது அதுக்கு ஒரு முக்கியமான காரணம். சுண்ணாம்புக்கும் ஃபேக்டரிக்கும் வண்டி வண்டியாப் போச்சு. வாங்குனது கம்பெனிங்க, வெட்டி வள்ளத்துல ஏத்துனது யாரு? நம்ம ஆளுங்கதான், என் சொந்தத்துலயே உண்டு. 2001ல பவளம் வனவிலங்குச் சட்டத்துல முதல் பட்டியலுக்குப் போன பிறகு கெடுபிடி ஆகி நின்னுச்சு. வெட்டுறது நின்னு இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு, தீவு திரும்பி வரல. அதுக்காக இன்னைக்கு அந்த ஊர்க்காரன் கூட பேசாம இருக்க முடியுமா? முடியாது. வெட்டுனோம்னு ஒத்துக்கிட்டு இப்ப காவல் காக்குறவன் கூட சேந்து உக்காரலாம், வெட்டவே இல்லைன்னு சாதிக்கிறவன்கிட்ட எனக்குப் பேச ஒண்ணும் இல்ல.

பாக்கி விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா உங்க அப்பாவோட கோபம் அங்கதான் இருக்கு. சாயல்குடி பக்கம் ஒரு கரையில, ஒரு வியாபாரக் குடும்பம் பல வருஷத்துக்கு முன்னால நண்டு எடுத்துட்டுப் பணம் குடுக்காம ஓடுனது. அது மட்டுமில்ல, காலிப் பொட்டி எடை 2 கிலோவா இருக்கும், இவங்க 3 கிலோன்னு கழிப்பாங்க, ஒரு பொட்டிக்கு 1 கிலோ நண்டு சும்மா போகும். பத்து வருஷம் கழிச்சு அந்தக் குடும்பத்துல ஒரு பையன், ஓடுனவருக்கு அண்ணன் மகன், மறுபடி கரைக்கு வந்தான். வரும்போது பழைய சிட்டை நோட்டு ரெண்டு எடுத்துட்டு வந்தான், கரப்பான் அரிச்ச நோட்டு. வேப்பமரத்தடியில பாய விரிச்சு உக்காந்து ஒவ்வொரு பேரா வாசிச்சு பணம் குடுத்தான். செத்துப் போனவங்களுக்கு அவங்க வீட்டம்மாகிட்ட குடுத்தான். வட்டி இல்ல, அசல் மட்டும், பொட்டி எடையில போனதுக்கு கணக்கே இல்ல, அதையும் அவனே சொன்னான், "அதுக்கு சிட்டை இல்ல, என்னால குடுக்க முடியல, இனிமே உங்க தராசுலயே போடுங்க"ன்னு. பாதிப் பேரு மறுநாள்ல இருந்து அவனுக்கு நண்டு போட்டாங்க. ஒரு பெரியவரு மட்டும் பணத்த எண்ணி வாங்கி மடியில கட்டிக்கிட்டு, "குடுக்க வேண்டியதக் குடுத்துட்ட தம்பி, சரக்கு யாருக்குப் போடணும்ங்கறது என் இஷ்டம்"னு எந்திரிச்சுப் போயிட்டாரு, கடைசி வரைக்கும் அவனுக்குப் போடல. நான் அப்ப அவரப் பிடிவாதக்காரர்னு நினைச்சேன். இப்ப நினைக்கல. பாக்கியத் தீத்தா கடன் தீரும், நம்பிக்கை அவரவரு விட்டுத் தர்றது, கேட்டு வாங்க முடியாது.

அதனால உங்க அப்பா சார்பா நீங்க மன்னிக்க முடியாது, அது உங்களோடது இல்ல. அதே சமயம் அப்பாவோட கோபத்த அப்படியே வாங்கி சுமக்கணும்னும் இல்ல, நீங்க ஏமாறல, நீங்க தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணலாம். பாக்கி விஷயத்துல ஒரே ஒரு சட்டக் குறிப்பு. 2009 பாக்கிக்கு கோர்ட்டு வழி அநேகமா அடைஞ்சிருக்கும். ஆனா காலம் கடந்த கடனையே ஒருத்தர் தர்றேன்னு எழுதிக் கையெழுத்து போட்டா அது செல்லும், 1872 ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவுல இருக்கு. பழைய ஆளுங்கதான் பின்னால இருக்காங்கன்னா எழுதிக் குடுப்பாங்களான்னு கேட்டுப் பாக்கலாம், ஒரு நல்ல வக்கீல ஒரு தடவை பாத்துட்டு.

இவ்வளவு சொல்றனே, நானே ஏமாந்ததும் உண்டு. ஒரு ஓனரு கண்ணு கலங்கி தப்ப ஒத்துக்கிட்டாரு, காகிதமெல்லாம் காமிச்சாரு, நானும் ஒளிக்கிறத நிறுத்திட்டாருன்னு நம்பி நல்ல ரிப்போர்ட் எழுதுனேன், ரெண்டு வருஷத்துல அதே தப்பு அதே ஆளு. ஒத்துக்கிறதும் ஒரு வித்தையா சில பேருக்குக் கை வரும். அதனால இது நிச்சயமான அளவுகோல்னு சொல்ல மாட்டேன், மத்ததவிட கம்மியா ஏமாத்துதுன்னு மட்டும் சொல்வேன். நேர் மாறாவும் நடக்கும், யாரோ நாலு பேரு பண்ணதுக்கு ஊரே கட்டணும். 2016ல இருந்து ஐரோப்பாவுல இந்தியாவுல இருந்து போன வளப்பு மீன், இறால்ல பாதி லோட நிறுத்தி டெஸ்ட் பண்ணாங்க, ஒரு நாளும் மருந்து போடாதவனோட இறாலும் அந்த வரிசையில நின்னுச்சு. அப்பாவோட கோபம் புதுசா வந்த அப்பாவி ஓனர் மேல விழுந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு, எனக்கு இங்க இருந்து தெரியாது.

நீங்க தெரிஞ்சுக்கலாம், அதுக்குச் செலவு கம்மி. பிரைவேட் லிமிடெட்னா கம்பெனி விவகார அமைச்சகத்தோட வெப்சைட்டுல டைரக்டர் யாரு யாருன்னு பாக்கலாம், அப்படி இல்லைன்னா ஜி.எஸ்.டி. நம்பரப் போட்டா உண்மையான பேரு வரும், அப்பாகிட்ட அந்தப் பேருங்களக் காட்டுங்க, மச்சானா மருமகனான்னு அவரு ஒரு நிமிஷத்துல சொல்லிருவாரு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல அனுமதி எப்ப வாங்குனாங்க, கழிவுத் தண்ணிக்கு என்ன நிபந்தனைன்னு தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய்க்குக் கேக்கலாம், 30 நாள்ல பதில் வரணும். இண்டர்வியூல அவங்க கேள்வி முடிஞ்சதும் நீங்க ஒரு கேள்வி கேளுங்க, இந்த எடத்துல முன்னால இருந்த கம்பெனிக்கும் உங்களுக்கும் என்ன சார் சம்பந்தம்னு. பதிலவிட பதில் சொல்ற விதத்தப் பாருங்க, "அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா"ன்னு வந்தா கிளம்பி வந்துருங்க. வேலையில சேர்ற மாதிரி இருந்தா ஒரிஜினல் சர்டிபிகேட்ட குடுக்காதீங்க, பி.எஃப். முதல் மாசத்துல இருந்து ஏறுதான்னு பாஸ்புக்குல பாத்துக்கிட்டே இருங்க, பாக்காத டெஸ்டுக்குக் கையெழுத்து போட மாட்டேன்னு முதல் நாளே சொல்லிருங்க, சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க, ஆனா சொல்லிருங்க.

அப்புறம் ஷெட்டைச் சுத்திக் காட்டச் சொல்லுங்க, குறிப்பா கழிவுத் தண்ணி சுத்தம் பண்ற எடத்த. மெஷின் இருக்கான்னு மட்டும் பாக்காதீங்க, அதுக்குன்னு தனிக் கரண்டு மீட்டர் இருக்கான்னு கேட்டு ரீடிங்க குறிச்சுக்கோங்க, ரெண்டு வாரம் கழிச்சு ஏதாச்சும் சாக்குல போயி மறுபடி பாருங்க, ஓடுற மெஷின்னா நம்பர் மாறியிருக்கும். முடிஞ்சா அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. உள்ள வரமாட்டேன்னாருன்னா பரவாயில்ல, வெளியில ஓடைப் பக்கம் நிக்கட்டும், பழைய குழாய் எந்த இடத்துல தண்ணிய விட்டுச்சுன்னு அவருக்குத்தான் தெரியும்.